மூத்த மிளாவைப் பார்க்கிற கண்

மிளா என்கிற கடமானின் கொம்புக் கிளையை எண்ணி வயது சொல்கிறவர் காட்டுக்குள் அதிகம் போனதில்லை என்று தாராளமாக முடிவு கட்டலாம். பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு. முழுதாக வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான்; ஐந்து வயதிலும் ஆறு, பத்து வயதிலும் ஆறு. அமெரிக்காவின் வெள்ளைவால் மான் வேட்டைக்காரர்களுக்கு எண்ணுவதற்காவது ஏதோ உண்டு. அங்கே கொம்பை அங்குலம் அங்குலமாக அளந்து மதிப்பெண் போடுகிறார்கள். 1887ல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் பெரிய பட்டியலில் ஏற 170 வேண்டும். மிச்சிகனில் ஆண்டுதோறும் நவம்பர் 15ஆம் தேதி துப்பாக்கிப் பருவம் திறக்கிறது. ஆனால் அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் கொம்பை நம்புவதில்லை. கழுத்து மார்போடு சேருகிற இடத்தையும், வயிறு இறங்கியிருப்பதையும், முதுகு வளைந்திருப்பதையும் பார்த்து, இளசு என்றால் விட்டுவிடுவார்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நிற்கும் மலையிலும் அந்தக் கண்தான் வேண்டும். துப்பாக்கி வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1988ல் இந்த மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம். இன்று அங்கே மிளாவைத் தேடுகிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களும், ஆராய்ச்சிக்கு வருகிறவர்களும், அனுமதி வாங்கிக்கொண்டு வரும் என்னைப் போன்ற வெறும் ரசிகர்களும்தான். வேட்டைக்காரன் படித்த பாடம் முழுவதும் இவர்களிடம் அப்படியே இருக்கிறது, கடைசி வரியைத் தவிர.

பாடத்தில் முதலில் வருவது காற்று. மிளாவுக்குக் கண் சுமார். அசையாமல் நின்றால் ஆளை மரம் என்று நினைத்துக்கொள்ளும். மூக்கு அப்படியில்லை. மலையடிவாரச் செண்பகத்தோப்பில் பொழுது சாயும் நேரத்தில் மலைக்காற்று கீழே இறங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் மேலே நின்றுகொண்டு கீழே ஓடையைப் பார்ப்பவன் தன் வாசனையைத் தானே அனுப்பிவைக்கிறான். கூட வந்த காவலர் ஒருவர் ஒரு பிடி மண்ணைப் பொடித்து விரல் இடுக்கில் உதிர்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்களைத் திருப்பி, ஓடையைச் சுற்றிக் கொண்டுபோய்க் கீழே உட்காரவைத்தார்.

போகிற வழியில் அவர் காட்டிய மரம்தான் அன்றைய விருந்து. தரையோரம் பட்டை உரிந்திருந்ததை நானும் பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். என் தலைக்கு மேலே, கை நீட்டினாலும் எட்டாத கிளையில் நுனிகள் ஒடிந்து, இலை கசங்கிச் சேறு அப்பியிருந்தது. ஆண் மிளா பின்னங்காலில் எழுந்து நின்று, மேல்கிளையில் முகத்தையும் கொம்பையும் தேய்த்து, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று எழுதிவிட்டுப் போகும். குட்டை ஆணுக்கு அந்த உயரம் எட்டாது. அடியில் குளம்புத் தடம் அகலமாக, முனை மழுங்கி, ஆழமாகப் பதிந்திருந்தது. பெட்டையின் தடம் இன்னும் ஒடுங்கிக் கூராக இருக்கும். ஆளைப் பார்க்காமலே ஆளின் கனத்தைச் சொல்லிவிடுகிற இந்த வித்தைக்கு நான் அடிமை. ஆளே நேரில் வந்து நிற்பது அதற்கப்புறம் கொஞ்சம் சுமார்தான் என்றுகூடச் சில நாள் தோன்றும்.

தோன்றுவது அது வந்து நிற்கிற வரைக்கும்தான். கார்த்திகையிலும், ஊருக்குள் திருப்பாவை ஒலிக்கிற மார்கழியிலும், இறுகிய கொம்போடு ஆணைப் பார்க்க வாய்ப்பு அதிகம். கோடையில் கொம்பு உதிர்ந்து, தோல் போர்த்திய புதுக்கொம்பு முளைத்து, அந்தத் தோலும் உரிந்த பிறகு வரும் கோலம் இது. இணைசேரும் காலத்தில் தன் மூத்திரம் கலந்த சேற்றிலேயே புரண்டு கறுத்திருக்கும். கழுத்தில் பிடரிமயிர் சிலிர்த்திருக்கும். தொண்டையில் மயிரில்லாமல் ரத்தம் கசிவதுபோல ஒரு திட்டு தெரிந்தால் குண்டடி என்று பதற வேண்டாம். அது மிளாவுக்கே உள்ள அடையாளம். கொம்பில் பார்க்க வேண்டியது அடிப்பகுதியை. முதிர்ந்ததில் அது பருத்து, முத்து முத்தாகச் சொரசொரத்திருக்கும். இன்னும் மூத்துத் தளர்ந்தால் கிளைகள் குட்டையாகிவிடும். ஆகவே காட்டிலேயே மூத்த ஆண் காட்டிலேயே பெரிய கொம்புடையதாக இருக்க வேண்டியதில்லை. சுவரில் மாட்டுகிறவனுக்கு இது ஏமாற்றம். எனக்கு இதுதான் ருசி.

ராஜபாளையம் என்றதும் நாயைக் கேட்பார்கள். 2005ல் தபால்தலையில் ஏறிய வெள்ளை நாய். பார்வையால் துரத்துவது, பன்றி வேட்டைக்குப் பேர்போனது. மிளாவை நாய் விட்டுத் துரத்திய கதைக்கு இலங்கையின் நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே நாய்க் கூட்டத்தை ஏவி, தண்ணீரில் நின்று எதிர்க்கும் ஆணைக் கத்தியோடு போய் முடித்தார். துணிச்சல் என்று ஒப்புக்கொள்ளலாம், எனக்கு அதில் ரசனை தெரியவில்லை. நீலகிரியில் 1877ல் வேட்டைக்காரர்களே சங்கம் வைத்து, 1879ல் வேட்டைக்கு மூடுகாலம் வைத்துச் சட்டம் வந்ததில் அது கொஞ்சம் தெரிகிறது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ராத்திரியில் மின்னுகிற கண்ணைக் குறிவைக்கும் திருட்டு வேட்டையில் அறவே இல்லை.

எங்கள் ஆள் அன்று ஓடைக்கு வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. பெட்டைகள் இரண்டு முன்னால் வந்து குடித்தன. ஆண் புதருக்குள்ளேயே நின்றது. ஒரு கொம்பும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன. காது எங்கள் பக்கம் திரும்பியது. முன்காலால் தரையை ஒரு தட்டு, பிறகு அந்த அடித்தொண்டைக் கூவல். காவலர் சிரித்தார். சத்தம் எங்களுக்கு இல்லையாம். காது எங்களைத் தாண்டிப் பின்னால் இருக்கும் பாறைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். மெல்ல எழுந்து, அந்தச் சரிவை விட்டு விலகி வேறு தடத்தில் எங்களை இறக்கிக் கூட்டிவந்தார்.