மூடிய திரையின்முன் கேட்டல்: ஆல்பன் பெர்க்கின் ‘வொட்செக்’ இசைநாடகத்தில் இடையிசையும் அரங்காக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆல்பன் பெர்க்கின் ‘வொட்செக்’ இசைநாடகத்தில் காட்சிகளை இணைக்கும் இடையிசைப் பகுதிகள் திரை மூடிய நிலையில் ஒலிக்குமாறு அமைக்கப்பட்டவை. அண்மைக்கால அரங்காக்கங்கள் பல இப்பகுதிகளைக் காட்சிப் படிமங்களால் நிரப்புகின்றன. இதனால் நாடகத்தின் பொருண்மையில், சிறப்பாக மூன்றாம் அங்கத்தின் இறுதி இடையிசையில், நேரும் இழப்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வொட்செக், ஆல்பன் பெர்க், பியூக்னர், இடையிசை, திரை, அரங்காக்கம்.

முன்னுரை

1925 டிசம்பர் 14 அன்று பெர்லின் அரசு ஓப்ரா அரங்கில், எரிக் கிளைபரின் நடத்துகையில் ‘வொட்செக்’ முதன்முதலாக மேடையேறியது. இருபதாம் நூற்றாண்டு இசைநாடகங்களுள் இதனைப்போல் விரிவாக ஆராயப்பட்டவை சிலவே. அவ்வாராய்ச்சியின் பெரும்பகுதி இதன் இசைவடிவக் கட்டுமானத்தையே சுற்றி வருகிறது. மூன்று அங்கங்கள், அங்கத்திற்கு ஐந்து காட்சிகள். முதல் அங்கம் ஐந்து குணச்சித்திர இசைகள், இரண்டாம் அங்கம் ஐந்து பகுதிகள் கொண்ட சிம்பொனி, மூன்றாம் அங்கம் ஒரு கருப்பொருள், ஒரு சுரம், ஒரு தாளம் என ஒவ்வொன்றை மட்டுமே பற்றி எழும் இசைப்புனைவுகள் என்று இக்கட்டுமானம் விளக்கப்படும். சில ஆய்வுகளைப் படிப்போர்க்கு இப்படைப்பு எண்ணிப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டதோ என்னும் ஐயம்கூட எழும்.

படைப்பாளர் கருத்து இதற்கு மாறானது. திரை உயர்ந்தது முதல் இறுதியாகத் தாழும் வரை, அவையிலுள்ள ஒருவரும் இவ்வடிவங்களைக் கவனிக்க வேண்டியதில்லை என்றும், வொட்செக் என்னும் தனிமனிதனின் விதியைக் கடந்து நிற்கும் கருத்தே அவர்களை நிறைக்க வேண்டும் என்றும் பெர்க் 1928இல் எழுதினார். வடிவம் மறைந்து நின்று வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின் அவ்வேலை எங்கே நிகழ்கிறது என்னும் வினா எழுகிறது. காட்சிகளுக்கு இணையாக, காட்சிகளுக்கு இடையிலும் அது நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

வழக்கும் நாடகமும்

1824இல் லைப்சிக் நகரில் யோகான் கிறிஸ்டியன் வொய்ட்செக் என்பவர், தம் துணைவியைக் கொன்ற குற்றத்திற்காகத் தூக்கிலிடப்படாமல் வாளால் தலை வெட்டப்பட்டார். அவர் மனநலம் உடையவர்தாமா என்பது வழக்கில் பெரும் விவாதமாயிற்று. மருத்துவர் கிளாருஸ் தந்த அறிக்கை அவரைப் பொறுப்புடையவர் எனத் தீர்த்தது. இவ்வறிக்கையை அடிப்படையாகக் கொண்டு கேயோர்க் பியூக்னர் எழுதத் தொடங்கிய நாடகம், 1837இல் அவர் 23 வயதில் இறந்தபோது முற்றுப்பெறாத கைப்படிகளாகவே இருந்தது. மங்கிய கையெழுத்தைப் படித்தெடுத்த ஃபிரான்சோஸ் பெயரைப் பிழைபடக் கொண்டதால் ‘வொய்ட்செக்’, ‘வொட்செக்’ ஆயிற்று. இன்றும் இசைநாடகம் அப்பிழையையே தலைப்பாகத் தாங்கியுள்ளது.

1914 மே மாதம் வியன்னாவில் இந்நாடகத்தைக் கண்ட பெர்க், விரைவிலேயே போருக்கு அழைக்கப்பட்டார். தாம் வெறுத்த மனிதர்களைச் சார்ந்து, நோயுற்று, இழிவுற்று வாழ்ந்த படைநாட்களைச் சுட்டி, வொட்செக்கின் பாத்திரத்தில் தம்மில் ஒரு பகுதி உள்ளதென 1918இல் மனைவிக்கு எழுதினார். வெளியிலிருந்து இரங்கிய ஒருவரின் படைப்பாக இதனைக் கொள்ள முடியாமைக்கு இக்கடிதம் போதிய சான்று.

திரை என்னும் இசைக்குறி

பெர்க் தம் இசைப்படியில் திரை எப்போது, எவ்வளவு மெதுவாக அல்லது விரைவாக எழவும் விழவும் வேண்டும் என்பதைக் குறித்துள்ளார். வயலினுக்கும் கொம்புக்கும் உரிய குறிகளைப் போன்றே திரைக்கும் குறி உண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனச் சிலப்பதிகார அரங்கேற்று காதை வகுப்பதை அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு, திரையும் ஆடலின் உறுப்பு என்பது புதிய செய்தியாகாது.

மரீ கொலையுறும் காட்சி இதற்குத் தக்க சான்று. காட்சி முழுவதும் ‘பி’ என்னும் ஒரே சுரம் ஏதேனும் ஒரு கருவியில், ஏதேனும் ஒரு நிலையில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கேட்போர் பெரும்பாலும் அதனை உணர்வதில்லை. கொலைக்குப் பின் ஒற்றைக் கொம்பில் மிக மெல்லத் தொடங்கும் அச்சுரம், ஏனைய கருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேரச்சேரப் பெருகுகிறது. பெருமுரசு ஒரு தாளத்தை அறைகிறது. மீண்டும் அதே சுரம், இம்முறை பல நிலைகளில், இசைக்குழு முழுவதும் எழுப்பும் பேரொலியாகிறது. உடனே அடுத்த காட்சியின் சாராயக் கடையில் சுருதி கெட்ட பியானோ, முரசறைந்த அதே தாளத்தில் ஆட்டப்பாட்டை வாசிக்கிறது. இதுவரை மறைந்திருந்ததை அவை உணரும் இடம் இந்தச் சில நொடி இருளே. அந்நொடிகளில் காண்பதற்கு ஏதேனும் இருந்தால், செவி பின்தள்ளப்படும்.

நடைமுறைத் தேவையே இதற்குக் காரணம் என மறுக்கலாம். ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் 15 காட்சிகளை மாற்ற, 1925இன் மேடைக்குத் திரை இன்றியமையாதது. இன்றைய பொறிகளுக்கு அத்தேவை இல்லை. இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் தேவையிலிருந்து பிறந்த ஒன்றைப் பெர்க் பொருளாக மாற்றிவிட்டார். தேவை நீங்கியதால் பொருளும் நீங்கிவிடாது.

கேட்டும் அகன்ற இருவர்

இவ்வாதத்தின் உயிர்நிலை மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சி. கத்தியைத் தேடிக் குளத்தில் இறங்கும் வொட்செக் மூழ்குகிறான். படிப்படியாக மேலேறும் இசைக்குழுவின் நாண்கள் நீர் அவன்மேல் மூடுவதைக் காட்டுகின்றன. அவ்வழியே வரும் படைத்தலைவனும் மருத்துவனும் நீரிலிருந்து எழும் ஒலியைக் கேட்கின்றனர். ஒருவன் முதற்காட்சியில் வொட்செக்குக்கு ஒழுக்கம் கற்பித்தவன். மற்றவன் சில காசுகளுக்கு அவனைப் பயறு மட்டும் உண்ணவைத்துச் சோதித்தவன். யாரோ மூழ்குகிறார் என்பது அவர்களுக்குப் புலப்படுகிறது. இருந்தும் அஞ்சி அகல்கின்றனர்.

அப்போது திரை விழுகிறது. அடுத்து வருவது ‘டி மைனர்’ சுருதியில் அமைந்த, ஏறத்தாழ நான்கு நிமிட இடையிசை. சுருதிமையம் பெரிதும் நெகிழ்ந்த இவ்விசைநாடகத்தில், ஒரு சுருதியை இத்துணை வெளிப்படையாகப் பற்றும் பகுதி வேறில்லை. ஆசிரியர் நாடகத்திற்கு வெளியே வந்து, மனிதகுலத்தின் பிரதிநிதிகளாகிய அவையோரிடம் நேரே முறையிடும் இடம் இது எனப் பெர்க் 1929இல் ஆற்றிய உரையில் விளக்கினார். நாடகத்தின் முந்தைய இசைக்கருக்கள் இதில் திரள்கின்றன. முதற்காட்சியில் ஏழ்மையைச் சொல்லிப் படைத்தலைவனுக்கு வொட்செக் விடையிறுத்த கரு, இங்கே இசைக்குழுவின் முழுவலிமையுடன் எழுகிறது. உயிரோடிருந்தபோது அவனுக்கு அந்த வலிமை இல்லை.

இவ்விடையிசையை உணர்ச்சி மிகுந்தது, நாடகத்தின் கடுமைக்குப் பொருந்தாதது எனக் குறைகூறுவோர் உண்டு. தனித்துக் கேட்டால் அக்குறை பொருந்தவே செய்யும். முந்தைய காட்சியோடு சேர்த்து நோக்கின் நிலைமை மாறுகிறது. மேடையில் இருவர் கேட்டுவிட்டு ஓடினர். இப்போது கேட்டல் என்னும் கடமை அவையின் மேல் விழுகிறது. அவையோர் ஓட இயலாது. நோக்கைத் திருப்பிக்கொள்ளவும் எதிரே ஒன்றும் இல்லை. மூடிய திரையே உள்ளது.

இரு அரங்காக்கங்கள்

2017இல் சால்ஸ்பர்க்கிலும் பின்னர் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓப்ராவிலும் நிகழ்ந்த வில்லியம் கென்ட்ரிட்ஜின் அரங்காக்கம், நாடகத்தை முதல் உலகப்போரின் அழிவு நிலத்தில் நிறுத்துகிறது. பெர்க்கின் படைவாழ்வை நோக்க, இது வலிந்து புகுத்தியதாகாது. கென்ட்ரிட்ஜின் கரித்தீட்டல்கள் தம்மளவில் ஆற்றல் மிக்கவை. ஆனால் படங்கள் இடையிசைகளின்போதும் ஓய்வதில்லை. விளைவாக, அவையை நோக்கி எழும் முறையீடு போரைப் பற்றிய விளக்கப்படத்திற்குப் பின்னணி இசையாகிவிடும் இடர் நேர்கிறது. துயருக்கு உரியவர் யார் என்பதைப் படமே சொல்லிவிட்டால், கேட்பவர் விடைகூறத் தேவையில்லை.

2008இல் மியூனிக்கில் ஆந்திரேயாஸ் கிரீகன்பர்க் அமைத்த அரங்காக்கமும் திரையைப் போற்றவில்லை. எனினும் அது வேறொரு வழியில் இழப்பைக் குறைக்கிறது. மேடைத்தளம் முழுவதும் நீர். அதன்மேல் தொங்கும் ஓர் அறை முன்னும் பின்னும் நகர்கிறது. நீரில் வேலையற்றோர் கூட்டம் நிற்கிறது. வொட்செக் இறுதியில் மூழ்கவிருக்கும் நீர் முதற்காட்சியிலிருந்தே அனைவர் காலடியிலும் கிடப்பதால், நீரொலியே ஓர் இடையறா இசையாகிறது. கண்ணுக்கு உரியது செவிக்குத் துணைநிற்கும் அரிய நிகழ்வு இது. படிமம் இசையோடு போட்டியிடுகிறதா, அதற்கு இடம் விடுகிறதா என்பதே இவ்விரு அரங்காக்கங்களையும் பிரித்தறியும் அளவுகோல்.

குழந்தையின் காட்சி

இடையிசை முடிந்து திரை எழும்போது வெயிலொளியில் குழந்தைகள் விளையாடுகின்றனர். மரீயின் பிணம் கிடக்கும் செய்தி வருகிறது. பிள்ளைகள் பார்க்க ஓடுகின்றனர். மரீயின் மகன் தன் கோல்குதிரையில் ஆடியபடி சற்றுத் தயங்கிப் பின்தொடர்கிறான். கென்ட்ரிட்ஜ் இக்குழந்தையை நச்சுவாயுக் கவசமுகம் கொண்ட பாவையாக்கினார். அக்கருத்து கூர்மையானதே, ஆயினும் பாவைக்கு நேர இருப்பது எதுவும் இல்லை. உயிருள்ள சிறுவன் மேடையில் நிற்கும்போதுதான், முந்தைய நான்கு நிமிட முறையீடு எவன்பொருட்டு எழுந்தது என்பது தெரிகிறது. அவன் சென்றபின் மேடை வெறுமையாகிறது. இசையோ முடிவுச் சுருதியில் அமரவில்லை, அசைந்துகொண்டே நின்றுவிடுகிறது. இறுதி நாணிலிருந்து முதற்காட்சியின் தொடக்கத்திற்கே மீண்டும் செல்ல இயலும் எனப் பெர்க் அதே உரையில் கூறினார். அந்தத் தொடக்கத்தில் ஓர் ஏழைப் படைவீரன் தன் தலைவனுக்கு முகம் மழித்துக்கொண்டிருக்கிறான்.