சிறு வீடும் இரசிகர் உள்ளமும்

ஒரு படைப்பு ஆக்கியோனுக்கு உரியதா, அதனைச் சுவைப்போர்க்கு உரியதா என்னும் வினா பழமையானது. மக்களிடையே பல்லாண்டு வழங்கிவந்த கதையொன்றில், அதனைக் கேட்டும் கண்டும் வளர்ந்தோர் தமக்கும் ஓர் உரிமை உண்டெனக் கருதுதல் இயல்பே. அவ்வுரிமையுணர்ச்சி பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. அக்கதையைப் புதியோர் ஒருவர் மீண்டும் ஆக்க முற்படும்பொழுதே அது தலையெடுக்கின்றது. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நெற்பிளிக்ஸ் நிறுவனம், 'லிற்றில் ஹவுஸ் ஒன் த பிறேறி' என்னும் அமெரிக்கக் குடும்பத் தொடர் நாடகத்தின் கதையைப் புதிதாக ஆக்கப்போவதாக அறிவித்தது. உடனே அந்நாட்டு இரசிகரிடையே எழுந்த மகிழ்ச்சியும் அச்சமும் சினமும் இவ்வுணர்ச்சியை ஆராய்வதற்குத் தக்க இடமாக அமைகின்றன.

'புல்வெளியிற் சிறு வீடு' எனப் பொருள்படும் அந்நாடகம் 1974ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு முன்னோட்டப் படமாகவும், அவ்வாண்டு செப்தெம்பர் முதல் 1983 வரை வாராந்தத் தொடராகவும் என்.பி.சி. ஒளிபரப்பில் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மினசோட்டா மாநிலத்தின் வால்நட் குறோவ் என்னும் சிற்றூரில் வாழும் ஓர் உழவர் குடும்பத்தின் கதை அது. தந்தையாகிய சார்ள்ஸ் இங்கல்சாக மைக்கேல் லாண்டனும், தாய் கறலைனாகக் கறன் கிறாசிலும், மகள் லோறாவாக அந்நாளிற் பத்து வயதும் நிரம்பாத மெலிசா கில்பேட்டும் நடித்தனர். விளைவு பொய்த்தலும், கடன் மிகுதலும், நோய் வருதலும், மூத்த மகள் மேரி கண்ணொளி இழத்தலும் அதன் நிகழ்ச்சிகள். எத்துன்பம் வரினும் அக்குடும்பம் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அதனைத் தாங்கிக்கொள்ளும். அந்நாடகத்தின் செல்வாக்கு இன்றளவும் குன்றவில்லை. 2024ஆம் ஆண்டில் மாத்திரம் அமெரிக்க மக்கள் 1300 கோடி நிமிடங்களுக்கு மேல் அதனை இணையவழி கண்டனர் என்பது நீல்சன் நிறுவனத்தின் கணக்கு.

இத்துணை அன்புக்குரிய நாடகத்தை மீண்டும் ஆக்குவது பற்றி இரசிகர் கொண்ட கருத்துகளை மூன்றாக வகுக்கலாம். லாண்டன் இன்றி அக்கதையே இல்லை, ஆதலின் அதனைத் தீண்டாது விடுதலே மரியாதை என்பது ஒன்று. மீள்படைப்பு வரலாம், ஆயின் இக்காலத்து அரசியற் கொள்கைகளைப் பழங்கதையிற் புகுத்தலாகாது என்பது மற்றொன்று. இன்றைய சிறுவர் தம் காலத்து நடிகர் வாயிலாக அக்கதையை அறிதல் நன்று என்பது மூன்றாவது. இரண்டாவது கருத்தினை மெகின் கெலி என்னும் ஊடகவியலாளர் வன்மையாக எடுத்துரைத்தார். அதற்கு மெலிசா கில்பேட் உடனே மறுமொழி கூறினார். பழைய தொடரை மீண்டும் ஒருமுறை பார்க்குமாறும், இனவெறியும் போதைப் பழக்கமும் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையும் அதிலேயே பேசப்பட்டுள்ளன என்றும் அவர் சுட்டினார். லோறாவாக நடித்தவரே இவ்வாறு கூறியமையால், பழைய நாடகம் உண்மையில் எத்தகையது என்பதே முதற்கண் ஆராயத்தக்க வினாவாகின்றது.

தமிழ் இலக்கணநூலார் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்தனர். முன்னோர் நூலின் முடிபினைத் தழுவி, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளைக் கூறி அமைவது வழிநூல். இப்பாகுபாட்டினைக் கொண்டு நோக்குமிடத்து, இரசிகர் முதனூலெனப் போற்றும் 1974ஆம் ஆண்டு நாடகம் வழிநூலே என்பது தெளிவாகும். லோறா இங்கல்ஸ் வைல்டர் 1932 முதல் 1943 வரை வெளியிட்ட எட்டு நூல்களே அதற்கு மூலம். அந்நூல்களுக்கும் முன்னர், 1930ஆம் ஆண்டளவில், 'பயணியர் கேர்ள்' என்னும் தன்வரலாற்றை அவர் எழுதியிருந்தார். பதிப்பாளர் ஏற்காது விட்ட அவ்வேடு 2014ஆம் ஆண்டிலேதான் அச்சேறியது. தன்வரலாற்றினின்று சிறுவர் நூல்களை ஆக்குகையில், தம் மகள் றோஸ் வைல்டர் லேனின் திருத்தங்களோடு, அவர் பலவற்றை நீக்கினார்; பலவற்றை இணைத்தார். குழந்தையாய் இறந்த ஒரே தம்பியைப் பற்றி நூல்களில் ஒரு சொல்லும் இல்லை. குடும்பம் அயோவா மாநிலத்தில் வறுமையோடு கழித்த நாட்களும் விடுபட்டன. ஆகவே நூல்களும் ஒருவகையில் மீள்படைப்பே.

லாண்டன் செய்த மாற்றங்கள் இன்னும் பெரியன. உண்மையில் இங்கல்ஸ் குடும்பத்தினர் வால்நட் குறோவை விட்டு டக்கோட்டாவிற் சென்று குடியேறினர். நாடகத்திலோ அவ்வூரே கதையின் நிலைக்களமாயிற்று. மேரி இறுதிவரை மணம் செய்யாது வாழ்ந்தார். நாடகத்தில் அவர் கண்ணொளியிழந்த ஆசிரியர் ஒருவரை மணக்கின்றார். அல்பேட் என்னும் வளர்ப்பு மகன் முற்றிலும் கற்பனை. நூல்களின் திரையுரிமையைப் பெற்றிருந்த தயாரிப்பாளர் எட் பிரெண்ட்லி, நாடகம் நூல்களினின்று விலகிச் செல்வதைப் பொறாது லாண்டனோடு முரண்பட்டுப் பிரிந்தார். பின்னர் 2005ஆம் ஆண்டில் அவரே முன்னின்று, மூலநூலை நெருங்கிய குறுந்தொடர் ஒன்றை ஏ.பி.சி. ஒளிபரப்பில் வெளியிட்டார். நூலுக்கு உண்மையாய் இருத்தலே இரசிகரின் விருப்பமாயின், அக்குறுந்தொடர் பழைய நாடகத்தின் இடத்தைப் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மக்கள் நெஞ்சில் நின்றது மாற்றங்கள் மலிந்த லாண்டனின் நாடகமே.

மாற்றம் என்பதே பிழையன்று என்பதற்கு இது சான்று. கம்பன் இதனை நன்கறிந்தவன். வான்மீகத்தில் இராவணன் சீதையை உடல் தீண்டித் தூக்கிச் செல்கின்றான். தமிழ்மக்களின் அறவுணர்ச்சி அதனைப் பொறாது எனக் கண்ட கம்பன், அவள் இருந்த குடிலை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு இராவணன் செல்வதாகப் பாடினான். மூலத்தைச் சிதைத்தான் என்று கம்பனைத் தமிழர் பழித்திலர். தழுவியதையும் மாற்றியதையும் ஒருங்கே நோக்கி, அம்மாற்றம் கதையின் உயிரை வளர்த்ததா, வாட்டியதா என ஆராய்வதே திறனாய்வின் நெறி. நெறி இதுவாயின், கதையின் பெயரை மாத்திரம் காத்து நிற்பதும், ஒவ்வொரு மாற்றத்தையும் வரவேற்பதும் ஒருங்கே குறையுடையனவாம்.

அங்ஙனமாயின், இரசிகர் காக்க விழைவது யாது? அவர் காக்க விழைவது கதையைக் காட்டிலும், அக்கதையைக் கண்ட காலத்தையே எனலாம். வாரத்தில் ஓரிரவு, ஒரு வீட்டில் இருந்த ஒரேயொரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே தாயும் தந்தையும் மக்களும் ஒருங்கு அமர்ந்தனர். அன்று அருகிருந்த தந்தை பின்னர் இறந்திருக்கலாம், உடன்பிறந்தார் பிரிந்திருக்கலாம். திரையில் லாண்டனின் முகம் தோன்றும்போது அவ்வறை முழுவதும் மீள்கின்றது. புதிய நடிகர் ஒருவர் எத்துணைத் திறம்பட நடிப்பினும் அவ்வறையை அவர் மீட்டுத் தரமாட்டார். இரசிகரின் துயரம் இங்கேதான் பிறக்கின்றது. அதனை எள்ளுதல் தகாது. ஆயினும் ஒருவருடைய நினைவின் இனிமை, பிறிதொரு தலைமுறைக்கு ஆக்கப்படும் படைப்பின் அளவுகோல் ஆதல் அரிது. 2008ஆம் ஆண்டு மினியாப்பொலிஸ் நகரிலே இக்கதை இசைநாடகமாக மேடையேறியபோது, அன்று மகளாய் நடித்த கில்பேட் தாயாய் நடித்தார். அவரே வளர்ந்து அடுத்த இடத்துக்குச் சென்றுவிட்ட பின்னர், லோறாவின் இடம் பிறிதொரு சிறுமிக்காகக் காத்திருத்தல் முறையன்றோ?

இனி, புதுக்கருத்துகளைப் புகுத்தலாகாது என்னும் வாதத்தை நோக்குவோம். புதிய தொடரின் நடிகர் விவரம் 2025இல் வெளியானபோது, கறுப்பின மருத்துவர் ஒருவரும் பழங்குடிப் பாத்திரங்களும் அதில் இருந்தமை சிலருக்கு ஐயத்தை விளைத்தது. அம்மருத்துவரோ 1935ஆம் ஆண்டு நூலிலேயே உள்ளவர். கன்சாஸ் புல்வெளியில் குடும்பம் முழுவதும் குளிர்காய்ச்சலுற்றுக் கிடந்தபோது உயிர்காத்தவர் அவரே. பழைய நாடகமும் இத்தகைய பொருள்களைத் தவிர்த்ததன்று. 1977ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கதையில், சொலமன் என்னும் கறுப்பினச் சிறுவன், கறுப்பனாய் நூறாண்டு வாழ்தல் மேலோ, வெள்ளையனாய் ஐம்பதாண்டு வாழ்தல் மேலோ எனச் சார்ள்சை வினவுகின்றான். சார்ள்சால் விடை கூற முடியவில்லை. நூல்களில் வைல்டர் மறைத்த தம்பியின் இறப்பும் 1974ஆம் ஆண்டிலேயே நாடகத்தில் இடம்பெற்றது. ஆகவே சேர்க்கப்பட்டன எனச் சிலர் அஞ்சுபவற்றுட் சில, மறைக்கப்பட்டு மீண்டும் வெளிப்பட்டனவாம்.

இவற்றினும் பெரிய மறைப்பு ஒன்று கதையின் அடித்தளத்திலே உளது. 1869ஆம் ஆண்டளவில் இங்கல்ஸ் குடும்பத்தினர் கன்சாசில் மரக்குற்றிகளால் வீடமைத்த நிலம் ஒசேஜ் குடியினர்க்கு உரியது. பின்னர் அவர்கள் அந்நிலத்தை இழந்து, இன்றைய ஒக்லகோமாவுக்குச் செல்ல நேர்ந்தது. 1935ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்தில், அங்கு மக்கள் இலர், பழங்குடியினரே உளர் என்னும் பொருள்பட ஒரு தொடர் இருந்தது. பழங்குடியினர் மக்கள் அல்லரோ என வாசகர் ஒருவர் 1952இல் வினவியபோது, வைல்டர் தம் தவற்றை உணர்ந்து, மக்கள் என்ற சொல்லைக் குடியேறிகள் என மாற்ற உடன்பட்டார். அடுத்த ஆண்டுப் பதிப்பு அவ்வாறே வெளிவந்தது. நூல்களிற் பழங்குடியினரும் கறுப்பினத்தவரும் சித்திரிக்கப்பட்ட முறை காரணமாக, சிறுவர்க்கான நூலகச் சங்கம் வைல்டரின் பெயரால் வழங்கிவந்த விருதின் பெயரை 2018இல் மாற்றியது. நூலாசிரியரே தம் வாழ்நாளிற் சொல் மாற்றினார் எனின், அதே வினாவைப் புதிய நாடகம் எழுப்புதலைப் பழமைக்குச் செய்யும் துரோகமென எங்ஙனம் கூறவியலும்? சிறு வீட்டின் வெம்மையைக் காட்டுவதோடு, அவ்வீடு எவர் நிலத்தில் எழுந்தது என்பதையும் சிறுவர்க்கு உணர்த்துதல், கதையை நம்புவார் செய்யத்தக்கதே.

எனினும் இரசிகரின் ஐயம் முழுவதும் நியாயமற்றதன்று. புகழ்பெற்ற பெயரைக் கொண்டு எளிதில் பார்வையாளரைத் திரட்டும் வாணிகநோக்கு இக்காலத்து மீள்படைப்புகள் பலவற்றின் பின்னணியில் உளது. பெயரை வாங்கிக்கொண்டு பொருளைக் கைவிடுவோரைக் கண்டித்தற்கு, அப்பெயருக்கு மதிப்பை ஈட்டித்தந்த இரசிகரினும் உரியார் இலர். 'சிறு வீடு' கதையின் பொருள் யாது? உழைப்பின் கடுமை, கிடைத்த சிறிதைப் பகிர்தல், பெற்றோர் தம் தவற்றை மக்கள்முன் ஒப்புதல், அயலான் துன்பத்தில் தலையிடுதல் ஆகியன அதன் பொருள். இவை நிகழ்ச்சிகளினூடே மெல்ல விளைதல் வேண்டும். பாத்திரங்களை மேடைப் பேச்சாளர் ஆக்கும் மீள்படைப்பும், பழைய காட்சிகளை உயிரின்றிப் பார்த்தெழுதும் மீள்படைப்பும் ஒருங்கே தோல்வியுறும். இரசிகர் கேட்கவேண்டிய கேள்வி, எதனை மாற்றினீர் என்பதன்று. மாற்றியதனால் அக்குடும்பத்தை இன்னும் நன்கு அறிகின்றோமா என்பதே.

பழைய நாடகத்தின் முடிவு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1984ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒளிபரப்பான 'த லாஸ்ற் பெயார்வெல்' என்னும் படத்தை லாண்டனே எழுதி இயக்கினார். கலிபோர்னியாவில் வாடகைக்குப் பெற்றிருந்த நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்கவேண்டி இருந்தமையால், வால்நட் குறோவ் ஊரை வெடிவைத்துத் தகர்க்கும் காட்சியையே அவர் கதையின் முடிவாக்கினார். நிலவேட்டையாடும் செல்வன் ஒருவன் ஊரைக் கைப்பற்ற முனையும்போது, தாம் கட்டிய கட்டடங்களைத் தாமே ஊரார் தகர்க்கின்றனர். பள்ளியாகவும் விளங்கிய கோயிலும் சிறு வீடுமே எஞ்சுகின்றன. தாம் ஆக்கிய ஊரைத் தம் கையாலேயே அழித்த அக்கலைஞர் 1991இல் மறைந்தார். இரசிகர் தீண்டலாகாதெனக் காக்க நினைக்கும் அவ்வூர் நாற்பதாண்டுகளுக்கு முன்னரே மண்ணாயிற்று. படச்சுருளில் உள்ள பழைய நாடகத்தையோ எந்த மீள்படைப்பும் அழிக்க இயலாது. விரும்புவோர் அதனை மீண்டும் மீண்டும் காணலாம். அதனைத் தம் மக்களோடு அமர்ந்து கண்டு, புதியதையும் உடன்வைத்து ஒப்புநோக்கி, இரண்டின் நிறைகுறைகளையும் எடுத்துரைப்பாராயின், இரசிகர் தம் உரிமையை நன்கு பயன்படுத்தியவர் ஆவர்.