ஆமை வரைந்த அறுகோணம்

மும்பை மான்குர்த்தில், வி. என். புரவ் மார்க்கில் இருக்கிறது ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அதை 1974-இல் தொடங்கியது. ஒலிம்பியாட் தேர்வுகளால் பெயர் தெரிந்த இடம். எனக்கு அதன்மேல் பிரியம் உண்டாக்கியது ஓர் ஆமை.

பக்கத்துத் தேவ்னாரிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் டாடா டிரஸ்ட்ஸும் 2015-இல் தொடங்கிய ‘கிளிக்ஸ்’ திட்டத்தில் மான்குர்த் மையமும் பங்காளி. ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா அரசுப் பள்ளிகளுக்குப் போன அதன் வடிவியல் பாடங்களில் ஆமை லோகோவும் இருந்தது. லோகோ பழையது, சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் 1967-இல் உருவாக்கிய கணினி மொழி. திரையில் ஓர் ஆமை. ‘முன்னே 100 போ’, ‘வலப்பக்கம் 90 திரும்பு’ என்றால் கோடு இழுத்தபடி நகரும்.

சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் பிள்ளைகள் பெரும்பாலும் 60 பாகை என்றுதான் கொடுப்பார்கள். முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்திருக்கிறார்களே! ஆமை மூன்று கோடு போட்டு, மூடாமல் நிற்கும். சிவப்புப் பெருக்கல் குறி வராது, மதிப்பெண் குறையாது. விடாமல் இன்னும் மூன்று முறை அதையே சொன்னால் அழகான அறுகோணம் மூடிக்கொள்ளும். என்ன நேர்த்தி! தவறான விடை, வேறொரு கேள்விக்குச் சரியான விடையாகிவிடுகிறது. எழுந்து நின்று தானே ஆமையாக நடந்து பார்க்கும் குழந்தைக்கு, திரும்ப வேண்டியது உள்கோணம் அல்ல, 120 பாகை என்று உடம்பே சொல்லிவிடும்.

இப்போது கற்றல் செயலி என்றாலே நட்சத்திரம், பதக்கம், தரவரிசை. அவற்றை நீக்கிவிட்டால் உள்ளே இருப்பது அதே பயிற்சித்தாள் கணக்கு. ஆமையிடமிருந்து கணிதத்தை நீக்கினால் விளையாட்டே இல்லை. எனக்கு உரைகல் இதுதான்.

மான்குர்த்தை அடுத்த சீத்தா கேம்ப்பில், 1976-இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் தமிழர் நிறைய. அங்கே பல்லாங்குழி ஆடி வளர்ந்தவர்களுக்கு, கணக்கே ஆட்டமாகும் இந்தச் சூட்சுமம் புதிதல்ல. கையிலுள்ள முத்து எந்தக் குழியில் தீரும், அடுத்த குழி வெறுமையா என்று மனத்துக்குள் எண்ணி முடித்த பிறகே கை நீளும். அந்த எண்ணிக்கையே ஆட்டம். அதற்குத் தனியாகப் பரிசு எதற்கு?

ஆமையிடமும் அப்படித்தான். அதற்கு 144 பாகை கொடுத்து ஐந்து முறை நடக்கவிட்டால் ஐந்துமுனை நட்சத்திரம் வரும். முக்கோணம், சதுரம், அறுகோணம் எல்லாவற்றிலும் ஆமை திரும்பியது மொத்தம் 360. நட்சத்திரத்தில் கூட்டினால் 720. ‘ஏன் இரட்டிப்பு?’ என்று பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கினால், ஆசிரியர் உடனே விடை சொல்லாமலிருக்க வேண்டும்.