தேடுகட்டமும் திணைவாயிலும்: தமிழ்த் தரவுத்தள முகப்புகள் குறித்து ஒரு மதிப்பீடு

தமிழ் இலக்கியத் தரவுத்தளங்கள் பலவற்றின் முகப்பில் வாசகரை எதிர்கொள்வது ஒரு வெற்றுத் தேடுகட்டம். எதைத் தேடுவது, எவ்வாறு எழுதுவது என்பவற்றை அறிந்த ஆய்வாளருக்கு அது போதும். டெக்சாஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் வார இறுதியில் தமிழ் பயிலும் மாணவரின் நிலை வேறு. வீட்டில் கேட்ட ‘மரத்துல’ என்னும் வடிவத்தை அவர் உள்ளிட்டால், எழுத்தொப்புமையை மட்டும் நோக்கும் தளம் ‘மரம்’ என்னும் பதிவைத் தராது. ல, ள, ழ மயங்கினும் இதே கதிதான். உருபனியல் பகுப்பி இக்குறையைத் தணிக்கும். கேள்வியே இன்றிச் சும்மா பார்க்க வருபவருக்கு அதுவும் உதவாது.

1998இல் தொடங்கிய மதுரை மின்தொகுப்புத் திட்டத்தின் எண்ணிட்ட நூற்பட்டியல் இன்று பழம்பாணியாகத் தோன்றலாம். எனினும் அறியாத நூற்பெயரொன்றில் கண் தற்செயலாக நிற்பதற்கு அது இடந்தருகிறது. அழகிய தேடுகட்டத்தில் அவ்வாய்ப்பு இல்லை.

உலவுவோருக்கான அமைப்பு தமிழுக்குப் புதிதன்று. திவாகரம் சொற்களைப் பன்னிரு தொகுதிகளாக்கியது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாயில்களைத் திறந்தது. அகநானூற்றின் வைப்புமுறை இவற்றினும் நுட்பமானது. அதில் ஒற்றைப்படை எண்ணுடையவை பாலை. 2, 8 ஆகியவற்றில் முடிவன குறிஞ்சி. 4இல் முடிவன முல்லை. 6இல் முடிவன மருதம். 10, 20 என வருவன நெய்தல். பாடலின் எண்ணே திணையைச் சொல்லிவிடும். மின்பதிப்பில் அவ்வெண்ணை வெறும் வரிசைக்குறியாக விடுவது தொகுத்தோரின் உழைப்பைப் புறக்கணிப்பதாகும்.

முதலில் முழுமையையும், பின்னர் வடிகட்டலையும், வேண்டும்போது விவரத்தையும் தருக என்பது பென் ஷ்னைடர்மன் 1996இல் முன்வைத்த நெறி. அதன்படி பாலை 200, குறிஞ்சி 80, முல்லை 40, மருதம் 40, நெய்தல் 40 என முகப்பிலேயே காட்டினால், தொகையில் செம்பாதி பிரிவைப் பாடுகிறது என்பதை ஒரு சொல்லும் தட்டச்சிடாமலே வாசகர் உணர்வார். எண்ணிக்கை முன்னரே தெரிவதால் எந்தச் சொடுக்கும் வெறுமையில் முடியாது.

ஆயினும் திணை மட்டும் வாயிலானால் அதுவே அடைப்புமாகும். குறிஞ்சிப் பாடலில் வேங்கை மரத்தைக் கண்டவர் புறநானூற்று வேங்கையிடம் செல்ல வழி வேண்டும். அச்சுநூலுக்கு ஒரே வரிசைதான் இயலும்; தரவுத்தளத்திற்கு அக்கட்டாயம் இல்லை. பாடல்தோறும் மரம், விலங்கு, ஊர் ஆகியவற்றைக் குறியிட்டாக வேண்டும். அதற்குரிய தலைப்புகளைத் திவாகரத்தின் பெயர்த் தொகுதிகளிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.