சுருளா, நேரா: கேபிளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

கிதாரை ஆம்போடும் ஹெட்போனை மிக்ஸரோடும் இணைக்கும் கேபிள் சுருளாக இருக்க வேண்டுமா, நேராக இருக்க வேண்டுமா என்று கேட்டால் இரண்டு தீர்ப்புகள் தயாராக வந்து விழும். சுருள் கேபிள் ஒலியை மழுங்கடிக்கும் என்பது ஒன்று. பழைய ராக் இசையின் தொனியே அதில்தான் இருந்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை கிதாருக்கு மட்டுமே பொருந்தும். ஹெட்போனுக்குக் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கேபிள் வாங்குபவர்கள் பணத்தையும் இழக்கிறார்கள், வசதியையும் இழக்கிறார்கள்.

கிதாரிலிருந்து தொடங்கலாம். 1960களிலும் 70களிலும் மேடைகளில் சுருள் கேபிள் மிகச் சாதாரணம். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் மேடைப் படங்களில் அவருடைய ஸ்ட்ராடோகாஸ்டரிலிருந்து தொங்கும் சுருளைப் பார்க்கலாம். தரையில் மீட்டர் கணக்கில் வயர் கிடந்து காலைத் தட்டிவிடாது. முன்னே நடந்தால் நீளும், ஆம்புக்குத் திரும்பினால் சுருங்கும். இந்த வசதிக்காக வந்த கேபிள், தொனியிலும் தன் முத்திரையைப் பதித்தது.

காரணம் எளியது. பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய கம்பி. அதன் தூண்டல் அதிகம். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் சுமார் 2.5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கேபிளின் உள்கம்பிக்கும் அதைச் சூழ்ந்த ஷீல்டுக்கும் இடையே மின்தேக்குத்திறன் இருக்கிறது. சாதாரண கிதார் கேபிளில் அது மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட். இந்த இரண்டும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு மேட்டை உருவாக்குகின்றன. அந்த மேடு வரை ஒலி தூக்கலாக வரும். அதற்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். பிக்கப்பின் சொந்தத் தேக்குத்திறன் 100 பிகோஃபாரட் என்று கொண்டால், 3 மீட்டர் நேர் கேபிளில் மேடு 5,000 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். 9 மீட்டர் கேபிளில் 3,200 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். முதலாவதில் கண்ணாடி போன்ற பளிச்சென்ற ட்ரெபிள். இரண்டாவதில் நடுத்தர ஒலி தடித்து, முனை மழுங்கிய தொனி.

சுருளின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. முழுதாக இழுத்தால் 9 மீட்டர் வரும் சுருள் கேபிளை மாட்டிக்கொண்டு ஆம்புக்கு 3 மீட்டர் தள்ளி நின்று வாசித்தாலும், மின் சமிக்ஞை கடக்க வேண்டியது 9 மீட்டர் கம்பியை. நேர் கேபிளில் தேவைக்கேற்ற நீளத்தை வாங்கலாம். சுருளிலோ, நின்ற இடத்திலேயே நின்றாலும் முழு நீளத்துக்கும் ட்ரெபிளைக் கப்பம் கட்டியாக வேண்டும்.

இதை வெறும் குறையாகவும் தள்ளிவிட முடியாது. ஃபஸ் பெடலைப் போட்டதும் சீறத் தொடங்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு இந்த மழுங்கல் நன்றாகவே பொருந்தும். கிதாரின் டோன் குமிழைச் சற்றுத் திருப்பினாலும் இதே பலன் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்காது. குமிழ் அந்த மேட்டை அமுக்கும். நீண்ட கேபிள் மேட்டை அப்படியே கீழே நகர்த்தும். காதுக்கு இரண்டும் வேறு. வயரே இல்லாத லைன் 6 ரிலே கருவிகளில், நீண்ட கேபிளின் ட்ரெபிள் இழப்பைப் போலச் செய்வதற்கென்றே தனி வசதி வைத்திருக்கிறார்கள். கேபிளின் தொனியை இசைஞர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்த வாதம் செல்லும் எல்லை குறுகியது. பஃபர் (சமிக்ஞையைக் குறைந்த மின்தடையில் வெளியே அனுப்பும் சுற்று) உள்ள பெடலை இடையில் வைத்தால், அதற்குப் பின்னால் வரும் கேபிள் எந்த வடிவில் இருந்தாலும் தொனி மாறாது. பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்பிலும் அப்படியே. பாஸிவ் கிதாரிலிருந்து முதல் பஃபர் வரை உள்ள துண்டு மட்டுமே தொனியைத் தீர்மானிக்கிறது. பஃபருக்குப் பிறகு சுருள் கேபிளை மாட்டி, பழைய தொனி வந்துவிட்டது என்று மகிழ்பவர் கேபிளின் தோற்றத்துக்குத்தான் விலை கொடுத்திருக்கிறார்.

இன்னொரு நம்பிக்கையையும் களைய வேண்டும். கேபிள் சுருளாக இருப்பதால் அதுவே ஒரு மின்தூண்டியாகச் செயல்பட்டு ஒலியை மாற்றுகிறது என்பார்கள். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே உறைக்குள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். வேறுபாட்டைத் தருவது கம்பியின் நீளமும் அதன் தேக்குத்திறனுமே.

ஹெட்போனுக்கு வந்தால் இந்தக் கணக்கு முழுவதும் செல்லாக்காசாகிறது. ஹெட்போனை இயக்கும் சுற்றின் வெளியீட்டு மின்தடை மிகக் குறைவு. அது 10 ஓம், கேபிளின் தேக்குத்திறன் 1,000 பிகோஃபாரட் என்று வைத்தாலும், ஒலி குறையத் தொடங்குவது 1.5 கோடி ஹெர்ட்ஸுக்கு மேலேதான். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே சுருள் கேபிள் ஹெட்போனின் ட்ரெபிளைத் தின்கிறது என்பது ஆதாரமற்ற பேச்சு. இங்கே எடைபோட வேண்டியது கழுத்தையும் காதையும் கையையும்.

சுருளின் இழுவிசையைக் கையால் சோதித்துப் பார்க்கலாம். பழைய லேண்ட்லைன் ரிசீவரின் வயரைப் போல, முதல் பாதி இலகுவாக நீளும். பிறகு ஒவ்வொரு சாணுக்கும் எதிர்ப்பு கூடும். அந்த இழுவை முழுவதும் ஹெட்போனின் ஒரு பக்கத்தில் விழுகிறது. ஒரு மணி நேரம் எடிட்டிங் செய்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. நாள் முழுக்க மாட்டியிருப்பவருக்கு இடது காதின் மேல் அழுத்தமாகவும் கழுத்தில் வலியாகவும் சேரும். சுருளின் எடையும் தொங்கிக்கொண்டே இருக்கும். அதே சுருள், மிக்ஸருக்கும் கீபோர்டுக்கும் இடையே சக்கர நாற்காலியில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒலிப்பதிவாளருக்குப் பெரும் உதவி. நேர் கேபிளாக இருந்தால் சக்கரம் அதன்மேல் ஏறும். உறைக்குள் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒரு காதில் ஒலி விட்டுவிட்டு வரும். டிஜேக்களும் இரண்டடி மேசைக்குள் இடமும் வலமுமாக இயங்குபவர்கள். அவர்களுக்கும் சுருளே பொருத்தம். படுக்கையிலோ சாய்வு நாற்காலியிலோ அசையாமல் பாட்டுக் கேட்பவருக்கு நேர் கேபிள் போதும். தெருவில் நடப்பவருக்குக் குட்டையான நேர் கேபிள் நல்லது.

மேடையில் கிதார்காரருக்கும் இந்த இழுவை பிரச்சினைதான். சுருள் ஜாக்கைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பின்னுக்குள் இருக்கும் பற்றவைப்பு தளர்ந்து கரகரப்பு தொடங்கும். கேபிளை ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று விட்டு ஜாக்கில் செருகினால் அந்தச் சுமையை ஸ்ட்ராப் ஏற்கும். மைக் ஸ்டாண்டில் சுருள் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்கு மட்டும் இந்த வழி உதவாது. ஓடியாடி வாசிப்பவர் நேர் கேபிளையோ வயர்லெஸையோ நாடுவதே முறை.

பராமரிப்பில் நேர் கேபிள் தெளிவாக முந்துகிறது. ஒரு வளையத்தை மேலாகவும் அடுத்ததைக் கீழாகவும் மாற்றி மாற்றிச் சுற்றினால் முறுக்கேறாமல் பல ஆண்டுகள் உழைக்கும். சுருள் கேபிளில் வெப்பத்தில் பிவிசி உறை இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் சுருள் தளர்ந்து, பிறகு பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது. முழு நீளத்துக்கு இழுத்தபடியே கட்டி வைத்தாலும் இதே கதிதான். நடுவில் எங்கேயாவது அறுந்தால், அந்த இடத்தைக் கண்டுபிடித்து வெட்டிச் சேர்ப்பதும் நேர் கேபிளைப் போல எளிதல்ல.

இத்தனைக்கும் பிறகு, என் வருத்தம் உற்பத்தியாளர்கள்மேல்தான். சோனி எம்டிஆர்-7506 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களின் நம்பகமான தோழன். ஆனால் அதன் சுருள் கேபிளைக் கழற்ற முடியாது. வயர் போனால் சால்டரிங் இரும்பைத் தேட வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவில் 80 ஓம் வகை நேர் கேபிளோடும் 250 ஓம் வகை சுருளோடும் வந்தன. மின்தடையைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கேபிளின் வடிவமும் சேர்ந்தே திணிக்கப்பட்டது. ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் காட்டிய வழியே சரி. சுருள் ஒன்று, 3 மீட்டர் நேர் கேபிள் ஒன்று, 1.2 மீட்டர் நேர் கேபிள் ஒன்று என மூன்றும் பெட்டியிலேயே உண்டு. மூன்றையும் கழற்றி மாட்டலாம்.

ஆகவே ஹெட்போன் வாங்குபவர் கேபிள் கழலுமா என்று முதலில் பார்க்கட்டும். சுருளா நேரா என்பதைப் பிறகு தன் இருக்கையையும் மேசையையும் வைத்து முடிவு செய்துகொள்ளலாம். புதிதாகக் கிதார் கற்பவர், தான் நிற்கும் இடத்துக்கு எட்டும் அளவில் ஒரு நல்ல நேர் கேபிளை வாங்குவதே சிறந்தது. மழுங்கிய தொனியைக் காது உண்மையிலேயே கேட்கிறது என்றால் மட்டும் சுருளுக்குப் போகலாம். அப்போதும் அதைக் கிதாருக்கும் முதல் பஃபருக்கும் நடுவில் மாட்ட வேண்டும். வேறெங்கே மாட்டினாலும் அதற்குக் கொடுத்த காசு வீண்.