சிவப்புப் புள்ளி

பாகூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் மின்துறை ஊழியர் புது மீட்டர் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்படியும் டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் கம்பியைத் தொட்டார். உறையைச் சீவியபோது செம்பு இழை ஒன்றுகூட அறுபடவில்லை. துளைக்குள் செலுத்தித் திருகை முடுக்கினார். கம்பியை லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு இன்னும் ஓர் அரைச்சுற்று. எனக்கு மிகவும் பிடித்தது அந்த அரைச்சுற்றுதான். இணைப்பு தளர்ந்தால் சூடேறும், கருகும். அது அந்த மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

கரண்ட் வந்ததும் சின்னத் திரையில் எண்கள் எழுந்தன. வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். “ஓடுதா தம்பி?” என்றார் வீட்டுக்கார ஆயா. “இப்ப ஓடக் கூடாது ஆயா. ஒரு குண்டு பல்பை மட்டும் போடுங்க.” 60 வாட் பல்பு மஞ்சளாக எரிந்தது. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தது. அந்தக் கணக்கில் முகப்பின் சிவப்புப் புள்ளியில் சுமார் 19 நொடிக்கு ஒரு மினுக்கல். மூன்று பேரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். தென்னை ஓலை உரசும் சத்தம் மட்டும். மினுக். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மினுக். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டியைச் செருகியதும் அதே புள்ளி ஏறக்குறைய நொடிக்கு ஒன்றாகப் படபடத்தது. ஆயா சிரித்துவிட்டார்.

கடைசியில் மூடியைப் பொருத்தி, முறுக்குக் கம்பியைக் கோத்து, சீலை இடுக்கியால் அழுத்தினார். நறுக்கென்று ஒரு சத்தம்.