வாங்கிய அரிசியும் உண்ட அரிசியும்

ஒதுக்கப்பட்ட ரேஷன் தானியத்தில் எவ்வளவு பங்கை அட்டைதாரர்கள் பெற்றுச் சென்றார்கள் என்பதை வைத்தே பொது விநியோகத் திட்டத்தின் வெற்றி பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. இந்தப் பெறுகை அளவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைச் சோதிக்க, கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்கள் பொருத்தமான களம். 1956-இல் மாநில மறுசீரமைப்பின்போது, அடுத்திருந்த விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கொண்டு கொடுத்த உறவும் சந்தையும் எல்லை பாராமல் தொடர்ந்தாலும், ரேஷன் அட்டை இரு வேறு கொள்கைகளின் கீழ் வந்துவிட்டது.

1997-இல் மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோரைத் தனியே பிரித்து மானியம் தரும் இலக்குசார் முறையைப் புகுத்தியபோது, அதுவரை ஏறத்தாழ எல்லா வீடுகளையும் எட்டியிருந்த கேரள ரேஷன் அமைப்பு தரம் பிரிக்கப்பட்டது. தமிழ்நாடோ எல்லோருக்குமான முறையைக் கைவிடாமல், 2011 ஜூன் முதல் அரிசியை இலவசமாகவே தரலாயிற்று. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை இரு மாநிலங்களும் 2016 நவம்பரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இன்று கேரளத்தில் மிக வறிய அந்த்யோதயா குடும்பங்களுக்கு மஞ்சள் அட்டையும், பிற முன்னுரிமைக் குடும்பங்களுக்கு இளஞ்சிவப்பு அட்டையும், ஓரளவு மானியம் பெறுவோருக்கு நீல அட்டையும், எஞ்சியோருக்கு வெள்ளை அட்டையும் உள்ளன.

இந்தப் பிரிப்பின் நோக்கம் நியாயமானதே. வரம்புக்குட்பட்ட தானியம் தேவை மிகுந்தோரைச் சேர வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. குறை அளவுகோலில் இருக்கிறது. ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட வீடு, ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், சொந்தக் கார் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே முன்னுரிமை பறிபோகும். வளைகுடாப் பணத்தில் எழுப்பிய வீடு, அந்தப் பணம் நின்றபின் அளவில் சுருங்குவதில்லை. அங்கே இன்று ரப்பர் பால்வெட்டுக் கூலியில் அடுப்பெரிந்தாலும் அட்டை வெள்ளையாகவே இருக்கக்கூடும். தகுதியற்றோரிடமிருந்து முன்னுரிமை அட்டைகளைத் திரும்பப் பெற 2022-இல் 'ஆபரேஷன் யெல்லோ' நடத்தப்பட்டது. தவறாகச் சேர்ந்தவரைப் பிடிக்க இப்படி ஒரு வேட்டை நடக்கும்போது, தவறாக விடுபட்டவர் தாமே விண்ணப்பித்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

எல்லை ஊரான களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்நாட்டில், இந்தக் குறை பெரிதும் இல்லை. அரிசி அட்டை வைத்திருக்கும் வீடு முன்னுரிமைப் பட்டியலில் இல்லாவிட்டாலும் மாதம் 20 கிலோ வரை இலவசமாகப் பெறலாம். ஆனால் அவ்வாறு பெற்ற அரிசி முழுவதும் உலையில் ஏறுவதில்லை. ஒரு பகுதி தரகர் கைக்கு மாறி, எல்லை தாண்டி, மெருகேற்றப்பட்டு வேறு சாக்கில் சந்தைக்கு வருகிறது. குமரி மாவட்டத்தில் ரேஷன் அரிசி மூட்டைகள் பிடிபடுவது நாளிதழ்களின் வாடிக்கைச் செய்தி. எல்லாம் அட்டைதாரர் விற்றதே என்று கொள்வதும் பிழை, கடைக்குப் போகுமுன்பே திசைமாறும் மூட்டையும் இதில் உண்டு. தன் பங்கை விற்ற ஏழைக் குடும்பத்துக்கு அந்தச் சில நூறு ரூபாயும் உதவிதான். அதைக் குற்றம் என்று மட்டும் பார்ப்பது எளிதான தீர்ப்பு.

அரிசியைப் போலவே அட்டைதாரரும் எல்லை தாண்டுகின்றனர். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' என்னும் ஏற்பாடு, முன்னுரிமை அட்டைதாரர் எந்த மாநிலத்திலும் தம் மத்திய ஒதுக்கீட்டுத் தானியத்தைப் பெற வழிசெய்கிறது. தமிழ்நாடு தன் செலவில் தரும் அரிசியும் மானியப் பருப்பும் அதில் அடங்கா. ஆகவே பாறசாலையில் தங்கி வேலை பார்க்கும் குமரிமாவட்டக் குடும்பம், பட்டியலுக்கு வெளியே இருந்தால், அரிசிக்காக ஊருக்குத்தான் போக வேண்டும்.

கடையில் வாங்கியதையும் வீட்டில் உண்டதையும் ஒப்பிட, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் நுகர்வுச் செலவு ஆய்வை அறிஞர்கள் பயன்படுத்துகின்றனர். அதன் மதிப்பீடுகள் பெரும்பாலும் மாநில அளவிலானவை என்பதால், களியக்காவிளை வழியே போன அரிசி தமிழ்நாட்டுக் கணக்கில் கசிவாகவும் (வழங்கியும் வீடுகளில் உண்ணப்படாத அரிசியாகவும்), கேரளக் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய சந்தை அரிசியாகவும் விழுகிறது.